இடையாளின் கையில் இருப்பது: கைப்பேசி அந்தரங்கச் சேவைகளின் நாற்பதாண்டு வரலாறு

கைப்பேசியில் ஓர் இணையத்தளம் திறக்கப்படும்போது இரண்டு செய்திகள் ஒருசேரப் பயணம் செய்கின்றன. கேட்பவர் யார் என்பது ஒன்று. அவர் கேட்பது எந்த இடத்தை என்பது மற்றொன்று. முன்னதைக் காட்டிக்கொடுப்பது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் சேரும் கருவிக்கு அந்நேரத்துக்கென வழங்கப்படும் எண். பின்னதைக் காட்டிக்கொடுப்பது தளத்தின் பெயர். உள்ளே பரிமாறப்படும் சொற்களை இன்றைய தளங்களுள் பெரும்பாலானவை மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத குறிகளாக மாற்றி அனுப்புகின்றன என்றாலும், எந்த எண் எந்தத் தளத்தை எப்போது நாடியது என்னும் குறிப்பு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருவர் ஒரு நோயைப் பற்றிய தளத்தை நள்ளிரவில் பத்து முறை திறந்தார் என்று தெரிந்துவிட்டால், அங்கே அவர் படித்தது என்ன என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இந்த இரு செய்திகளையும் பிரிப்பதற்காகவே கைப்பேசிக்கும் தளத்துக்கும் இடையில் மூன்றாவது கணினி ஒன்றை நிறுத்தும் வழக்கம் தோன்றியது. தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் அந்தக் கணினி மட்டுமே தெரியும். தளத்துக்கும் அது மட்டுமே தெரியும். ‘ரிலே’ என்றும், சற்றே வேறுபட்ட வடிவில் ‘விபிஎன்’ என்றும் அழைக்கப்படும் இவ்வேற்பாடுகளை இக்கட்டுரை இடைச்சேவை என்னும் பொதுப்பெயரால் குறிக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் தொடக்கத்திலிருந்தே உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து மறைக்கப்பட்ட செய்தி அழிந்துவிடுவதில்லை. அது இடையாளின் கைக்கு மாறுகிறது. அந்த இடையாள் பெயரறியாத சிறு நிறுவனமாகவோ தனியொரு பொறியாளராகவோ இருக்கும்போது அவரை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பது 1990களில் மின்னஞ்சல் காலத்தில் எழுந்து, இன்றைய கைப்பேசிக் காலம் வரை பல விடைகளைக் கண்ட கேள்வியாகும்.

உறைக்குள் உறை

இக்கேள்விக்கான கோட்பாட்டு விடை, கேள்வி பரவலாக எழுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1981 பிப்ரவரியில் டேவிட் சௌம் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், அனுப்பியவர் யாரென்று தடம் பிடிக்க முடியாத மின்னஞ்சல் முறை ஒன்றை ஓர் ஆய்விதழில் விவரித்தார். அவர் முன்வைத்த கணினிக்குக் ‘கலவை’ என்று பொருள்படும் பெயரிட்டார். பலரிடமிருந்து வரும் கடிதங்களைத் திரட்டி, வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றின் வெளியுறையையும் உரித்து அடுத்த இடத்துக்கு அனுப்புவதே அதன் வேலை. ஒரு கடிதம் இத்தகைய கலவைகள் பலவற்றைக் கடந்து செல்லுமாறு உறைக்குள் உறையாக வைத்து அனுப்பப்பட்டால், அவற்றுள் ஒன்றேனும் நேர்மையாக இருக்கும்வரை தொடக்கத்தையும் முடிவையும் எவராலும் இணைக்க முடியாது என்பது அவர் நிறுவிய முடிபாகும்.

இதில் கவனிக்கத்தக்கது, சௌம் இடையாட்களின் நற்குணத்தை ஆராய முற்படவில்லை என்பதாகும். பலர் கெட்டவர்களாக இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்தாலன்றி மறைவு குலையாத அமைப்பை அவர் தேடினார். பின்வந்த நாற்பதாண்டு வரலாறு இந்தக் கருத்திலிருந்து விலகிச் சென்று, பட்டுத் தெளிந்து, மீண்டும் அதனிடமே திரும்பிய வரலாறு எனலாம்.

ஹெல்சிங்கியின் ஒற்றைப் பட்டியல்

நடைமுறையில் மக்கள் முதலில் நாடியது சௌமின் பல்லுறை முறையை அன்று; எளிமையான ஒற்றை இடையாளையே நாடினர். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஜோஹன் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993 வாக்கில் ‘அனான்.பெனட்.ஃபி’ என்னும் மின்னஞ்சல் இடைச்சேவையை இலவசமாக நடத்தத் தொடங்கினார். ஒருவர் இதன் வழியாக எழுதினால், அவருடைய உண்மையான முகவரி நீக்கப்பட்டு, ‘அன்’ என்று தொடங்கும் ஓர் எண் முகவரியாக இடப்பட்டது. அந்த எண்ணுக்கு வரும் மறுமொழிகள் உரியவரைச் சென்று சேர வேண்டியிருந்ததால், எந்த எண் யாருடையது என்னும் பட்டியல் சேவையின் கணினியிலேயே பாதுகாக்கப்பட்டது. வசதியின் ஊற்றும் ஆபத்தின் ஊற்றும் அந்த ஒரே பட்டியலாக இருந்தது. தம் நோயையோ, பால்வகை விருப்பத்தையோ, குடும்பத்தில் நேர்ந்த வன்முறையையோ பெயர் வெளிப்படாமல் பேச விரும்பிய பல லட்சம் பேர் சில ஆண்டுகளுக்குள் அச்சேவையில் சேர்ந்தனர்.

1995 பிப்ரவரியில், தன் ஆவணம் திருடப்பட்டு இச்சேவை வழியாகப் பரப்பப்பட்டது என்று அமெரிக்காவிலிருந்து சயன்டாலஜி சபை அளித்த புகார், பன்னாட்டுக் காவல் அமைப்பு வழியாகப் பின்லாந்துக் காவல்துறையை வந்தடைந்தது. முழுப் பட்டியலும் பறிபோகும் நிலையில், ஹெல்சிங்கியஸ் குறிப்பிட்ட ஒரேயொரு பயனரின் முகவரியைக் கொடுத்து மற்றவர்களைக் காத்தார். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி நீதிமன்றமும் இத்தகைய தகவல்களை வெளியிட அவர் கடமைப்பட்டவர் என்று கருதியபோது, 1996 ஆகஸ்ட் 30 அன்று சேவையை மூடுவதாக அவர் அறிவித்தார். அவரது நேர்மையை எவரும் பெரிதாக ஐயுறவில்லை. ஐயத்துக்கு அப்பாற்பட்ட நேர்மையும், ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்ற ஆணைக்கு முன் நிற்கும்போது பயனரைக் காக்காது என்பதே இந்நிகழ்வு உணர்த்திய பாடம்.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் இதே பாடம் மறுபடியும் நிகழ்ந்தது. லேடார் லெவிசன் என்பவர் டெக்சாஸிலிருந்து நடத்திய ‘லவாபிட்’ என்னும் சிறிய மின்னஞ்சல் சேவையிடம், ஒரு பயனரைக் கண்காணிக்கும் பொருட்டு, எல்லாப் பயனர்களின் இணைப்பையும் திறக்கக்கூடிய மறையாக்கச் சாவியை 2013இல் அரசு கோரியது. அவர் அந்தச் சாவியைக் கண்ணுக்கு எட்டாத நான்கு புள்ளி எழுத்தில் பதினொரு பக்கங்களாக அச்சிட்டுக் கொடுத்தார். கணினியில் ஏற்றத்தக்க வடிவில் கொடுக்கும்வரை நாளொன்றுக்கு 5,000 டாலர் தண்டம் என்று நீதிமன்றம் விதித்தது. சாவியை ஒப்படைத்த அவர், 2013 ஆகஸ்ட் 8 அன்று சேவையையே மூடினார். இருவரும் பயனருக்கு விசுவாசமாக நடந்தனர்; இருவரிடமும் எஞ்சியிருந்த ஒரே தற்காப்பு கடையடைப்பு மட்டுமே.

வெங்காயத் தோலும் கடைசி இடையாளும்

ஒற்றைப் பட்டியலின் ஆபத்தை ஹெல்சிங்கி வழக்குக்கு முன்பே உணர்ந்தவர்கள் இருந்தனர். 1992இல் கலிபோர்னியாவில் கூடிய ‘சைஃபர்பங்க்’ குழுவினருள் எரிக் ஹியூஸ், ஹால் ஃபின்னி முதலியோர், பட்டியலே வைக்காத இடைச்சேவை நிரல்களை எழுதினர். கடிதத்தைப் பல இடையாட்கள் வழியே சங்கிலியாக அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் தமக்கு முன்னுள்ளவரும் பின்னுள்ளவரும் மட்டுமே தெரிந்தனர். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1990களின் நடுவில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகியோர் இக்கருத்தைக் கடிதத்திலிருந்து உடனடி இணைய உலாவலுக்குக் கொண்டுவந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக மறையாக்கம் செய்யப்பட்ட பொதியின் ஓர் அடுக்கை ஒவ்வோர் இடையாளும் உரிப்பதால், இதற்கு வெங்காயத்தின் பெயர் அமைந்தது. 2002இல் சோதனைக்கு வந்து 2004இல் முறையாக விவரிக்கப்பட்ட ‘டோர்’ வலையமைப்பு இதன் வழிவந்ததாகும்.

கடற்படையின் ஆய்வுப் பலன் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. ஒரு மறைவு வலையை ஒரே அமைப்பினர் மட்டும் பயன்படுத்தினால், அதிலிருந்து வரும் ஒவ்வோர் இணைப்பும் அவ்வமைப்பினருடையதே என்று எளிதில் தெரிந்துவிடும். மறைவு என்பது கூட்டத்தில் கலப்பதால் கிடைப்பது. கூட்டம் இல்லாத இடத்தில் முகமூடியே அடையாளமாகிவிடும். சிறிய இடைச்சேவைகளை மதிப்பிடுகையில் பலர் மறந்துவிடும் அளவுகோல் இது. ஐம்பது பேர் மட்டும் பயன்படுத்தும் சேவை எவ்வளவு நேர்மையானதாயினும், அதன் வாசலையும் பின்வாசலையும் கவனிக்கும் ஒருவரால், யார் உள்ளே நுழைந்த நொடியில் எது வெளியே வந்தது என்று நேரத்தைக் கொண்டே பொருத்திப் பார்க்க முடியும்.

பல்லடுக்கு முறையும் எல்லாவற்றையும் காப்பதில்லை என்பதை 2007இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. டோர் சங்கிலியின் கடைசிக் கணினியை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். தளத்துக்கும் அக்கணினிக்கும் இடைப்பட்ட வழியில் மறையாக்கம் இல்லையென்றால், அதை நடத்துபவர் அனைத்தையும் படிக்க முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்னும் பாதுகாப்பு ஆலோசகர் இத்தகைய கடைசிக் கணினிகள் ஐந்தை நடத்தி, தூதரகங்களும் அரசு அலுவலகங்களும் மறையாக்கமின்றி அனுப்பிய கடவுச்சொற்களைத் திரட்டி, அவற்றுள் நூறு கணக்குகளின் விவரங்களை வெளியிட்டார். அப்பட்டியலில் இந்தியத் தூதரகங்களும் இடம்பெற்றிருந்தன. அனுப்புநரின் இருப்பிடத்தை மறைக்கும் கருவியைச் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கும் கருவியாக எண்ணியதே அவர்களின் பிழை. ஒரு சேவை எதை மறைக்கிறது என்பதோடு எதை மறைப்பதில்லை என்பதையும் அறியாதவர் அதன் நம்பகத்தன்மையை எடைபோட முடியாது.

செயலிச் சந்தையும் வாக்குறுதிகளும்

விபிஎன் என்பது தொடக்கத்தில் அந்தரங்கத்துக்கான கருவியன்று. வெளியூரில் இருக்கும் ஊழியர் தம் அலுவலகத்தின் உள்வலைக்குள் பொது இணையத்தின் வழியே பாதுகாப்பாக நுழைவதற்கான சுரங்கப்பாதையாகவே 1990களில் அது வடிவமைக்கப்பட்டது. அந்தப் பயன்பாட்டில் சுரங்கத்தின் மறுமுனையில் இருந்தவர் முதலாளி. அவரை நம்பலாமா என்னும் கேள்விக்கே இடமில்லை. பிற்காலத்தில் அதே சுரங்கம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது மறுமுனையில் முகமறியாத வணிகர் வந்து அமர்ந்தார். தொழில்நுட்பம் மாறவில்லை, அதைத் தாங்கியிருந்த நம்பிக்கை உறவு மட்டும் மாறிவிட்டது.

இந்த வணிகம் கைப்பேசிக்குள் புகுந்தது 2011க்குப் பிறகாகும். அவ்வாண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பு, சாதாரணச் செயலி ஒன்று பயனரின் ஒப்புதலை ஒருமுறை பெற்றுவிட்டால் கைப்பேசியின் இணையப் போக்குவரத்து முழுவதையும் தன் வழியே திருப்பிக்கொள்ளும் வசதியைத் தந்தது. பொது வைஃபையில் பிறர் கணக்குகளைக் கைப்பற்றுவது எவ்வளவு எளிது என்பதை 2010இல் ‘ஃபயர்ஷீப்’ என்னும் நிரல் விளக்கிக்காட்டியதும், 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட அமெரிக்கக் கண்காணிப்பு ஆவணங்களும் மக்களின் அச்சத்தைக் கூட்டியிருந்தன. அச்சமும் எளிமையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் இலவசச் செயலிகள் பெருகின. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தினரும் பிறரும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தபோது, 18 விழுக்காட்டுச் செயலிகள் மறையாக்கமே செய்யவில்லை என்பதும், 75 விழுக்காட்டுச் செயலிகளில் பயனரைப் பின்தொடரும் பிற நிறுவனங்களின் நிரல்கள் இருந்தன என்பதும், 38 விழுக்காட்டுச் செயலிகளில் தீநிரல்களின் அறிகுறி தென்பட்டது என்பதும் தெரியவந்தன.

வேலியே பயிரை மேய்ந்ததற்கு இக்காலத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் பெயர்பெற்றவை. இஸ்ரேலில் தோன்றி 2013இல் ஃபேஸ்புக் நிறுவனத்தால் வாங்கப்பட்ட ‘ஒனாவோ’, பயனரின் தரவைக் காக்கும் செயலி என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் எந்தச் செயலியை மக்கள் எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று போட்டி நிறுவனங்களின் வளர்ச்சியை உளவறிய அதன் வழிச் சென்ற போக்குவரத்து பயன்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆட்சேபத்தால் 2018 ஆகஸ்டில் அச்செயலி ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கியது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இவ்விளம்பரத்துக்காக அந்நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. ‘ஹோலா’ என்னும் மற்றொரு இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைப்புகளையே பிறருக்கு வாடகைக்கு விட்டு வந்தது 2015இல் வெளிப்பட்டது. அதாவது இடையாளை நாடிச் சென்றவர், தாம் அறியாமலே வேறு யாருக்கோ இடையாளாக ஆக்கப்பட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவரின் செயல் அவருடைய ஐபி முகவரியின் பெயரில் பதிவானது.

கட்டணச் சேவைகள் இவற்றிலிருந்து தம்மை வேறுபடுத்திக்கொள்ள ‘பதிவேடு வைப்பதில்லை’ என்னும் வாக்குறுதியை முன்வைத்தன. பதிவேடு என்பது இங்கே எந்தப் பயனர் எப்போது நுழைந்தார், அவருக்கு எந்த முகவரி ஒதுக்கப்பட்டது என்பன போன்ற குறிப்புகளைத் தானே எழுதிவைக்கும் கணினிக் கோப்பைக் குறிக்கும். பிரிட்டனின் ‘ஹைட்மைஆஸ்’ 2011இல் நீதிமன்ற ஆணைப்படி பயனர் ஒருவரின் இணைப்பு விவரங்களைக் கொடுத்தபோது இவ்வாக்குறுதியின் எல்லைகள் விவாதத்துக்கு வந்தன. 2016இல் அமெரிக்காவில் நடந்த இரு விசாரணைகள் இன்னும் தெளிவானவை. ‘பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ்’ நிறுவனத்திடம் கேட்கப்பட்டபோது கொடுப்பதற்கு அதனிடம் பயனரைச் சுட்டும் குறிப்பு எதுவும் இல்லை. அதே வாக்குறுதியை அளித்திருந்த ‘ஐபிவேனிஷ்’ பயனரின் பெயரையும் இணைந்த நேரங்களையும் கொடுத்தது பின்னர் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளிவந்தது. இரு நிறுவனங்களின் விளம்பரச் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால், எது எது என்று எந்தப் பயனராலும் பிரித்தறிந்திருக்க முடியாது.

பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால்

சிறிய சேவைகளின் தனித்தன்மை என்று கருதப்பட்டதும் சில வேளைகளில் தோற்றமே. 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சார்ந்த ‘யுஎஃப்ஓ விபிஎன்’ முதலிய ஏழு சேவைகளின் தரவு பூட்டப்படாமல் இணையத்தில் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். பதிவேடே இல்லை என்று சொன்னவர்களின் கணினியில் பயனர்களின் ஐபி முகவரிகளும், மறையாக்கப்படாத கடவுச்சொற்களும் இருந்தன. மேலும், வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்ட அந்த ஏழும் ஒரே பின்புலக் கட்டமைப்பைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒரே கிடங்கிலிருந்து சரக்கெடுத்து ஏழு பெயர்ப்பலகைகளின் கீழ் விற்கும் கடைக்கு ஒப்பான நிலை அது.

உரிமை கைமாறுவதும் இவ்வணிகத்தில் அடிக்கடி நடப்பது. முன்னர் ‘கிராஸ்ரைடர்’ என்னும் பெயரில் விளம்பரத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த ‘கேப்’ நிறுவனம், 2017 தொடங்கி சைபர்கோஸ்ட், ஜென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை வாங்கி, 2021இல் எக்ஸ்பிரஸ்விபிஎன் நிறுவனத்தை 93.6 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டில், விபிஎன் சேவைகளை ஒப்பிட்டு மதிப்பெண் வழங்கும் தளங்களை நடத்திய நிறுவனத்தையும் அது வாங்கியது. தேர்வெழுதும் மாணவனின் குடும்பத்துக்கே விடைத்தாள் திருத்தும் உரிமையும் சென்றுசேர்ந்த இந்நிலையில், இத்தகைய தரவரிசைகளைச் சான்றாகக் கொள்வதற்குமுன் அவற்றை நடத்துபவர் யார் என்று கேட்பது இன்றியமையாததாயிற்று.

இடையாளே வலைவிரிப்பவராக இருக்கும் நிலை இதன் எல்லை. குற்றவாளிகளிடையே பரவிய ‘ஆனம்’ என்னும் மறைவுக் கைப்பேசிச் சேவையை, தொடக்கத்திலிருந்தே அமெரிக்காவின் எஃப்பிஐ ஆஸ்திரேலியக் காவல்துறையின் துணையோடு நடத்திவந்தது என்பது 2021 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 12,000க்கு மேற்பட்ட கருவிகள் வழியாகச் சென்ற செய்திகள் அனைத்தின் படியும் காவல்துறைக்குச் சென்றுகொண்டிருந்தது. அதன் இலக்கு குற்றக்குழுக்கள் என்பதால் பலர் அதைப் பாராட்டினர். ஆனால் தொழில்நுட்ப நோக்கில் பார்த்தால், உள்ளே நடப்பதைப் பிறர் சோதிக்க இயலாத சேவை ஒன்று எவ்வளவு காலம் ஐயத்துக்கு இடமின்றி இயங்கமுடியும் என்பதற்கு அது சான்றாகிறது.

சட்டத்தின் எல்லை

இடையாளின் நோக்கம் எதுவாயினும், அவர் எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் இருக்கிறார் என்பதும் எடைபோட வேண்டியதே. இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டபோது, அதுவரை விபிஎன் என்னும் சொல்லையே கேட்டிராத பலர் கையில் கிடைத்த இலவசச் செயலியை அவசர அவசரமாக நிறுவிக்கொண்டனர். மதிப்பீட்டுக்கு நேரமில்லாத அத்தகைய நாட்களே நம்பத்தகாத சேவைகளுக்கு அறுவடை நாட்களாகும்.

இந்தியாவில் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, விபிஎன் சேவை நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி, சேவையை நாடிய நோக்கம் முதலியவற்றைத் திரட்டி ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்களின் உள்பயன்பாட்டு விபிஎன்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்திய மண்ணிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன. 1996இல் ஹெல்சிங்கி நீதிமன்றம் இருக்கும் பட்டியலைக் கேட்டது. இவ்வாணையோ, இல்லாத பட்டியலை உருவாக்குமாறு கட்டளையிட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, ‘எங்களிடம் எதுவும் இல்லை’ என்னும் விடை எல்லா நாட்டிலும் சட்டப்படி செல்லுபடியாகாது என்பதைக் காட்டுகிறது.

இரண்டு கைகளுக்குப் பிரித்தல்

2021 ஜூன் 7 அன்று ஆப்பிள் நிறுவனம் அறிவித்த ‘பிரைவேட் ரிலே’, சௌமின் பழைய கருத்தைக் கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்கு எட்டச்செய்தது. இதில் இடையாட்கள் இருவர். முதலாவது கணினியை நடத்தும் ஆப்பிளுக்குப் பயனரின் ஐபி முகவரி தெரியும், அவர் நாடும் தளம் தெரியாது. கிளவுட்ஃப்ளேர், அகமாய், ஃபாஸ்ட்லி போன்ற வேறு நிறுவனங்கள் நடத்தும் இரண்டாவது கணினிக்குத் தளம் தெரியும், பயனரின் முகவரி தெரியாது. ஒருவரைச் சட்டத்தால் வற்புறுத்தினாலும், ஊடுருவினாலும், அவர் தாமே கெட்டுப்போனாலும் பாதிச் செய்தியே வெளிவரும். வற்புறுத்தும் அரசுக்கு எஞ்சும் வழி சேவையையே அனுமதிக்காதிருப்பது. சீனாவிலும் சவூதி அரேபியாவிலும் வேறு சில நாடுகளிலும் இச்சேவை தரப்படாது என்பது அறிவிப்பு வெளியான அதே நாளில் தெரியவந்தது.

இவ்வகைப் பிரிப்புக்கான பொதுநெறிகளை இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு அடுத்தடுத்து வெளியிட்டது; 2022 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 9298, 2024 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9458 ஆகியவை அவற்றுள் சில. பொதுநெறி இருந்ததால் சிறு நிறுவனங்களும் இம்முறையைக் கையாள முடிந்தது. பால் ஷ்மிட், பரத் ராகவன் என்னும் இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கைப்பேசி அந்தரங்க ஆய்வின் தொடர்ச்சியாக ‘இன்விஸ்வ்’ என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 2022இல் ஆண்ட்ராய்டுக்கு இரட்டை இடைச்சேவை ஒன்றைக் கொண்டுவந்தனர். அதில் முதற்கணினி அவர்களுடையது, இரண்டாவது ஃபாஸ்ட்லியுடையது.

அவர்களின் ஆய்வு மற்றொரு குறையையும் தொட்டது. இடைச்சேவை ஐபி முகவரியை மறைத்தாலும், சிம் அட்டையில் பொறித்த ஐஎம்எஸ்ஐ என்னும் நிலையான எண்ணைக் கொண்டு, கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அருகில் இருக்கிறது என்று தொலைத்தொடர்பு நிறுவனம் எப்போதும் அறிந்துகொண்டிருக்கிறது. கட்டணம் செலுத்தியவர் என்று மெய்ப்பிப்பதையும் இன்னார் என்று அடையாளம் காட்டுவதையும் பிரித்துவிட்டால் இந்த எண் தனித்தன்மையோடு இருக்கத் தேவையில்லை என்று அவர்கள் காட்டினர். அதற்கு அவர்கள் கையாண்ட கருவி, சௌம் 1980களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்த குருட்டுக் கையொப்பம் என்னும் கணித முறை. உள்ளே கார்பன் தாள் வைத்த மூடிய உறையின்மேல் ஒருவர் கையொப்பமிட்டால், உள்ளிருக்கும் சீட்டில் ஒப்பம் பதியும், ஆனால் அவர் அந்தச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார். அதுபோலவே, பணம் பெற்றவர் வழங்கிய அனுமதிச் சீட்டு பின்னொரு நாள் திரும்பி வரும்போது செல்லத்தக்கது என்று தெரியும், யாருக்கு வழங்கியது என்று தெரியாது.

இரட்டைமுறையிலும் ஐயத்துக்கு இடமுண்டு. இரு நிறுவனங்களும் கூடிப் பேசிக்கொண்டால் இரு பாதிகளும் ஒன்றாகிவிடும். இருவரும் ஒரே உரிமையாளரின் பிள்ளை நிறுவனங்களாயின் பிரிவினை பெயரளவானதே. மேலும், இரு கணினிகளையும் எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்தாலும், கைப்பேசியில் நிறுவப்படும் செயலியை எழுதுபவர் ஒருவரே. அச்செயலி கேட்கும் அனுமதிகளும் அதன் நிரல் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கிறதா என்பதும் ஆகவே முக்கியத்துவம் பெறுகின்றன.

மதிப்பீட்டின் அளவுகோல்

இவ்வரலாற்றிலிருந்து, சிறிய இடைச்சேவை ஒன்றை எதிர்கொள்பவர் கேட்கத்தக்க கேள்விகள் தாமே திரண்டு வருகின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒனாவோவும் ஹோலாவும் கற்பித்தன. கட்டணம் வாங்காத இடையாளுக்கு வேறொரு வாடிக்கையாளர் இருக்கக்கூடும். உரிமையாளர் யார், கணினிகள் யாருடையவை என்பதை ஏழு பெயர்ப்பலகைகள் கற்பித்தன. கூட்டம் போதுமானதா என்பதை டோரின் வரலாறு கற்பித்தது. இக்கேள்வியில் சிறு சேவைகள் இயல்பிலேயே பின்தங்கியவை, பெரிய நிறுவனமொன்றின் இரண்டாம் கணினியைப் பகிர்ந்துகொள்வதால் மட்டுமே அக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முடியும். வெளியாரின் தணிக்கை அறிக்கை பயனுடையது என்றாலும், அது குறிப்பிட்ட நாளில் எடுத்த நிழற்படம் போன்றது. மறுநாள் கைமாறும் நிறுவனத்துக்கு அது சான்றாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது ஹெல்சிங்கி விட்டுச்சென்ற கேள்வி: நாளை ஒரு நீதிமன்றமோ திருடனோ கேட்டால், இந்த இடையாளால் எதைக் கொடுக்க முடியும்? ஆணையை எதிர்த்து நிற்கும் துணிவு அவருக்கு உண்டா என்பது இதற்கு அடுத்த கேள்வியே. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 2009இல் தொடங்கிய ‘முல்வாட்’ என்னும் சேவை, பயனரின் பெயரோ மின்னஞ்சலோ கேட்காமல் 16 இலக்க எண் ஒன்றை மட்டுமே கணக்காக வழங்கி, உறையில் வைத்து அனுப்பும் ரொக்கத்தையும் கட்டணமாக ஏற்றுவந்தது. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் காவலர் குறைந்தது அறுவர், வாடிக்கையாளர் விவரம் அடங்கிய கணினிகளைக் கைப்பற்றும் ஆணையோடு அதன் அலுவலகத்துக்கு வந்தனர். அத்தகைய விவரம் அங்கே இல்லை என்று சேவையின் அமைப்பு அவர்களுக்கு விளக்கப்பட்டது. 1995இல் ஹெல்சிங்கியில் காவலர் ஒரு முகவரியோடு திரும்பினர். கோத்தன்பர்க்கில் அவர்கள் வெறுங்கையோடு திரும்பினர்.